வரைபடத்தில் தொடங்கும் வெள்ளம்

2015 டிசம்பர் சென்னை வெள்ளம் வடிந்த கையோடு, அடையாற்றங்கரையிலும் கூவம் கரையிலும் பல பத்தாண்டுகளாகக் குடியிருந்த குடும்பங்களைத் தமிழக அரசு வேறு இடங்களுக்கு மாற்றத் தொடங்கியது. ஆற்றங்கரையில் இருப்பது ஆபத்து, பாதுகாப்பான இடத்தில் வீடு தருகிறோம் என்பதே சொல்லப்பட்ட காரணம். அவர்களில் ஏராளமானோர் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்ட இடம் பெரும்பாக்கம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் தென்புறத்தில் கிடக்கும் தாழ்வான பகுதி அது. அடுத்தடுத்து வந்த பருவமழைகளில் அந்த அடுக்குமாடிகளைச் சுற்றியிருந்த சாலைகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதற்காக இடம் மாற்றப்பட்டவர்கள் மறுபடியும் வெள்ளத்துக்கு நடுவே நின்றார்கள்.

இதற்கு யாரைப் பொறுப்பாக்குவது? வீடு கட்டிய வாரியத்தைக் கேட்டால் நிலம் ஒதுக்கிய துறையைக் காட்டும். நிலம் ஒதுக்கிய துறை திட்ட அனுமதியைக் காட்டும். ஒவ்வொரு தாளிலும் ஒரு கையெழுத்து இருக்கும், ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு விதி இருக்கும். ஆனால் இத்தனை ஆயிரம் வீடுகள் இந்த இடத்தில் வரலாமா, வந்தால் மழைநீர் எந்த வழியாகக் கடலுக்குப் போகும் என்ற கேள்வியைக் கேட்டிருக்க வேண்டிய நேரம் கட்டுமானத்துக்கு வெகு முன்பே கடந்துபோய்விட்டது. நகரத்தின் நிலப் பயன்பாட்டு வரைபடத்துக்கு வண்ணம் தீட்டிய நாளில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

இதற்கான சட்டம், 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். அதன்படி தயாராகும் முழுமைத் திட்டம்தான், அதாவது மாஸ்டர் பிளான்தான், ஒரு நகரத்தின் அடுத்த இருபது ஆண்டுகளைத் தீர்மானிக்கிறது. எந்த சர்வே எண்ணில் வீடு வரலாம், எதில் ஆலை வரலாம், எது விவசாய நிலமாகவே நீடிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வரையறுக்கப்படும். சென்னைப் பெருநகருக்கான இரண்டாவது முழுமைத் திட்டம் 2008இல் நடைமுறைக்கு வந்தது. செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியிலும், தெற்குக் கடற்கரையில் நிலத்தடி நீர் ஊறும் மணற்பரப்பிலும் கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது அந்தத் திட்டம். ஆக, வரைபடத்தால் நிலத்தைக் காப்பாற்றவும் முடியும். ஆனால், தீட்டிய வண்ணம் அப்படியே இருப்பதில்லை. நாளிதழின் உள்பக்கத்தில் உள்ளங்கை அளவில் ஓர் அறிவிப்பு வரும்: இன்ன கிராமம், இன்ன சர்வே எண், விவசாயப் பகுதியிலிருந்து குடியிருப்புப் பகுதியாக மாற்றக் கோரப்பட்டிருக்கிறது, ஆட்சேபம் இருப்பவர்கள் எழுதலாம். அதைப் படிப்பவர்கள் யார், அந்த சர்வே எண் தங்கள் ஏரிக்கு நீர் வரும் வழியில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்பவர்கள் யார்? இப்படி ஏக்கர் ஏக்கராக வரைபடம் மாறிக்கொண்டே போகிறது. மாறியதெல்லாம் சேர்ந்து எங்கே கொண்டுபோய் விடும் என்று கணக்குப் பார்க்கும் கடமையை எந்தச் சட்டமும் எவருக்கும் விதிக்கவில்லை.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். 1994இல் வந்து, 2006 செப்டம்பரில் திருத்தி எழுதப்பட்ட, அதற்கான மத்திய அரசின் அறிவிக்கை தனித்தனித் திட்டங்களுக்கானது. கட்டடம் என்றால் 20,000 சதுர மீட்டரிலிருந்துதான், அதாவது ஏறத்தாழ 2.15 லட்சம் சதுர அடியிலிருந்துதான், சுற்றுச்சூழல் அனுமதி தேவை. ஒரே ஏரியின் நீர்வரத்துப் பாதையில் 19,000 சதுர மீட்டரில் பத்துக் கட்டடங்கள் எழுந்தாலும் அந்த அறிவிக்கையின் கண்ணில் அவை படாது. பெரிய கட்டுமானங்களுக்கும், ஐம்பது ஹெக்டேருக்கு மேற்பட்ட நகரியங்களுக்கும்கூட மக்கள் கருத்துக்கேட்பு கட்டாயமில்லை என்று 2006 அறிவிக்கையே விலக்கு அளித்திருந்தது. ஒரு கல் குவாரிக்கோ அனல்மின் நிலையத்துக்கோ கூட்டம் போட்டு மக்களைக் கேட்கும் ஏற்பாடு, ஓர் ஊரின் வடிகாலையே மாற்றிவிடும் நகரியத்துக்கு இல்லை. அந்த நகரியம் இங்கே வரலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடும் முழுமைத் திட்டத்துக்கோ, தாக்க மதிப்பீடே சட்டப்படி கட்டாயமில்லை.

பள்ளிக்கரணையின் கதையை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தென்சென்னையின் ஏரிகள் தனித்தனிக் குட்டைகளாக வெட்டப்பட்டவை இல்லை. ஓர் ஏரி நிரம்பியதும் கலங்கல் வழியாக உபரிநீர் அடுத்த ஏரிக்கு இறங்கும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. சிட்லபாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று தொடரும் அந்த வரிசையின் கடைசியில் எல்லா நீரையும் வாங்கி, மெல்ல மெல்ல ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு அனுப்பும் பெரும் தாழ்நிலம்தான் சதுப்பு. ஒருகாலத்தில் 5,000 ஹெக்டேர் அளவுக்குப் பரந்துகிடந்த அந்தக் கழுவெளியில் ஒரு சிறு பங்கே இன்று சதுப்பாகத் தேறும். பெருங்குடிக் குப்பைக்கிடங்கு ஒரு பகுதியை விழுங்கியது. பறக்கும் ரயில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. காற்றாலை ஆய்வுக்கென்று அமைக்கப்பட்ட மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனமும் அங்கேதான் வந்தது. பிறகு பழைய மாமல்லபுரம் சாலையில் தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் வரிசைகட்டி எழுந்தன. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. நகரத்துக்குக் குப்பை கொட்ட இடம் வேண்டும், ரயில் வேண்டும், வேலை வேண்டும். இவை எல்லாம் ஒரே நீர்வழியின் வாயை அடைக்கின்றன என்று ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர்தான் இல்லை.

2022இல் பள்ளிக்கரணை, பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற சதுப்பு நிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. குறிக்கப்பட்ட பரப்பு 1,247 ஹெக்டேர். ஆனால் அந்த எல்லைக்குள் எந்தெந்த சர்வே எண்கள் வருகின்றன, எல்லைக்கு வெளியே எதுவரை பாதிப்பு மண்டலம் என்பதெல்லாம் தெளிவாக வரையப்படுவதற்குள் அங்கே தரப்பட்ட கட்டட அனுமதிகள் நீதிமன்றப் படியேறிவிட்டன. 2025இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அந்தப் பாதிப்பு மண்டலம் முடிவாகும்வரை ராம்சார் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய திட்ட அனுமதி தரக் கூடாது என்று தடுக்க வேண்டியிருந்தது. இதனால் தவிப்பவர்களில் சிறுகச் சிறுகச் சேமித்து மனை வாங்கிய நடுத்தரக் குடும்பங்களும் உண்டு. வங்கிக் கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது, வீடு கட்ட அனுமதி இல்லை. தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் இந்த வழக்கத்துக்கு அவர்களும் விலை கொடுக்கிறார்கள். அரசின் வரைபடத்தில் அந்த இடம் உரிய காலத்தில் நீலமாகக் குறிக்கப்பட்டிருந்தால் அவர்கள் அங்கே பணத்தைப் போட்டிருக்கவே மாட்டார்கள்.

ஏரி என்று குறித்த பரப்பை மட்டும் காப்பாற்றினால் போதாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கிராம 'அ' பதிவேட்டில் ஏரி நீர்நிலைப் புறம்போக்காக இருக்கும். அதில் கைவைத்தால் நீதிமன்றம் கேட்கும். ஆனால் ஏரிக்கு நீர் தரும் மேட்டு நிலம் பெரும்பாலும் பட்டா நிலம். அங்கே மனைப்பிரிவு போட்டு, சாலையை உயர்த்தி, சுற்றுச்சுவர் எழுப்பி, வரத்துக் கால்வாயை ஒரு சிமென்ட் குழாய்க்குள் அடக்கிவிட்டால், பதிவேட்டில் ஏரி முழுதாக இருக்கும். தண்ணீர்தான் வராது. கீழே உபரிநீர்க் கால்வாய் அடைபட்டாலோ, வந்த தண்ணீர் வீடுகளுக்குள் போகும். அடையாற்று வெள்ளப்படுகையில் உள்ள முடிச்சூரும் வரதராஜபுரமும் 2015இல் மூழ்கின. ஆனால் அந்த வெள்ளம் என்றாலே செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நீர் திறக்கப்பட்ட நேரம் பற்றித்தான் நாடு முழுக்கப் பேசினார்கள். தெருக்கள் ஆற்றின் இடத்தில் எப்படி வந்தன என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. அந்த வெள்ளத்தை மனிதத் தவறால் நேர்ந்த பேரிடர் என்றே தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சொன்னது.

சென்னைக்கு வெளியே போனாலும் கதை இதுதான். திருப்பூரின் பின்னலாடைத் தொழில் லட்சக்கணக்கானோருக்குச் சோறு போடுகிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அது வேகமாக வளர்ந்தபோது சாயப்பட்டறைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. ஒவ்வொன்றும் சின்னப் பட்டறை. எதுவும் தனியாக ஓர் ஆற்றைக் கொல்லும் அளவு பெரிதில்லை. அதே காலத்தில், திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றின் கீழ்ப்பகுதியில், ஈரோடு, கரூர் விவசாயிகளின் பாசனத்துக்காக ஒரத்துப்பாளையம் அணை கட்டப்பட்டு 1992இல் முடிந்தது. மேலே சாயத்தொழில் வளர்ச்சி, கீழே பாசன அணை. இரண்டும் ஒரே ஆற்றில் நடந்த அரசு ஆதரவு பெற்ற வளர்ச்சி. இரண்டு திட்டங்களையும் ஒன்றாக வைத்து யாராவது பார்த்திருந்தால், அணையில் என்ன தேங்கும் என்பதை ஒரு பள்ளி மாணவர்கூடச் சொல்லியிருப்பார். தேங்கியது சாயக்கழிவு. அந்த நீர் பாய்ந்த வயல்கள் உப்பேறின, கிணறுகள் கெட்டன. தங்களுக்காகக் கட்டிய அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்க நேர்ந்தது, தமிழ்நாட்டின் பாசன வரலாற்றில் ஒரு பெருந்துயரம்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரே நாளில் தொழில் நின்றது, தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு முறைக்குப் பட்டறைகள் மாற, அரசு வட்டியில்லாக் கடன் தர வேண்டியிருந்தது. இன்று திருப்பூர் அந்த முறையில் முன்னோடி ஊர் என்று பெயர் வாங்கியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் இருபது ஆண்டு முன்னதாகப் படுகை முழுவதற்குமாக ஒரு மதிப்பீடு நடந்திருந்தால், இதே தொழில் இதே ஊரில் இதைவிடக் குறைந்த செலவில் வளர்ந்திருக்கும். சூழல் மதிப்பீடு வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை என்று சொல்பவர்கள் திருப்பூரின் 2011ஆம் ஆண்டை மறந்துவிட்டுத்தான் அப்படிச் சொல்ல முடியும்.

பரந்தூர் விமான நிலையத் திட்டத்தில் இன்னொரு சிக்கல் வெளிப்படுகிறது. இடம் 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. ஏகனாபுரம் உள்ளிட்ட கிராமங்கள் அப்போதிருந்து எதிர்த்துவருகின்றன. நஞ்சை நிலங்கள், பல ஏரிகள், அவற்றுக்கு நீர் கொண்டுவரும் கம்பன் கால்வாய் எல்லாம் அந்த எல்லைக்குள் சிக்குகின்றன என்பது அவர்களின் முறையீடு. அறிவிப்பு வந்த பிறகுதான் நீரியல் வல்லுநர் குழு அமைகிறது, தாக்க மதிப்பீட்டுக்கான வரையறைகள் கேட்கப்படுகின்றன. இடத்தை முடிவு செய்துவிட்டு நடத்தும் மதிப்பீட்டால், அந்த இடத்தில் பாதிப்பை எப்படிக் குறைக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். இந்த இடம் வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு அதற்கு நடைமுறையில் இருப்பதே இல்லை. சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் தேவை என்பதை ஏற்றுக்கொள்பவரும், நீர்நிலைகளின் கணக்கை இடத் தேர்வுக்கு முன் ஏன் மக்கள் முன் வைக்கவில்லை என்று கேட்கத்தான் வேண்டும்.

2023 ஏப்ரலில் சட்டப்பேரவை நிறைவேற்றிய நில ஒருங்கிணைப்புச் சிறப்புத் திட்டங்கள் சட்டம் இந்தக் கவலையைக் கூட்டுகிறது. குறைந்தது நூறு ஹெக்டேர் பரப்புள்ள, நீர்நிலைகளை உள்ளடக்கிய சிறப்புத் திட்டங்களுக்கு நிலத்தை ஒருங்கிணைத்துத் தர அது வழிசெய்கிறது. விவசாய அமைப்புகள் எதிர்த்தன, 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. நீர்நிலையின் கொள்ளளவு குறையாமல் பார்த்துக்கொள்வோம் என்று அரசுத் தரப்பில் சொல்லப்படுகிறது. ஏரியை வெறும் கொள்ளளவாகப் பார்க்கும் பார்வையிலேயே பிழை இருக்கிறது. வரத்தும் போக்கும் அறுந்த ஏரி எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அது வெறும் பள்ளம்.

தாக்க மதிப்பீடு இல்லாமலே நகரங்கள் வளர்வதை உச்ச நீதிமன்றம் கவனித்துவிட்டது. 2023 ஜனவரியில் சண்டிகர் குடியிருப்போர் தொடுத்த வழக்கில் நீதிபதிகள் பி.ஆர்.கவாய், பி.வி.நாகரத்னா அமர்வு தீர்ப்பளித்தது. தனி வீட்டு மனைகளை அடுக்ககமாக மாற்றுவது பற்றிய வழக்கு அது. பெங்களூரு வெள்ளத்தில் தத்தளித்ததைச் சுட்டிக்காட்டிய நீதிபதிகள், நகர வளர்ச்சிக்கு அனுமதி தரும் முன் சுற்றுச்சூழல் தாக்க ஆய்வு நடத்தத் தேவையான ஏற்பாடுகளைச் செய்யுமாறு மத்திய, மாநில அரசுகளையும் சட்டமியற்றும் அவைகளையும் கேட்டுக்கொண்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் இதை 2001இலேயே சட்டமாக்கிவிட்டது. அங்கே ஒரு நகராட்சி தன் வளர்ச்சித் திட்டத்தை வெளியிடும்போது, சூழல் அறிக்கையையும் உடன் வெளியிட வேண்டும். வேறு எந்தெந்த வழிகளைப் பரிசீலித்தோம், அவற்றை ஏன் தள்ளினோம் என்று அந்த அறிக்கையில் விளக்க வேண்டும். திட்டம் நடைமுறைக்கு வந்த பிறகும் விளைவுகளைக் கண்காணிக்க வேண்டும். மாற்று வழியைப் பரிசீலித்துக் காரணம் சொல்ல வேண்டும் என்ற அந்த ஒரு கட்டாயம் இங்கே இருந்திருந்தால் பெரும்பாக்கம் முடிவு அப்படியே நிறைவேறியிருக்குமா என்பது சந்தேகம்.

இங்கே சட்டம் வந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பவும் முடியாது. தனித் திட்டங்களுக்கான மதிப்பீடு இருபது ஆண்டுகளில் எப்படித் தேய்ந்தது என்பதைத் தமிழ்நாட்டு மக்கள் பார்த்திருக்கிறார்கள். அறிக்கையைத் தயாரிக்கும் ஆலோசகருக்குச் சம்பளம் தருபவர் திட்டத்தின் உரிமையாளர். முழு அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் கிடைப்பது சில பக்கச் சுருக்கம். கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முப்பது நாள் முன்னறிவிப்பு. அதற்குள் ஒரு மீனவரோ விவசாயியோ அந்தத் தடித்த புத்தகத்தைப் படித்துக் கேள்வி கேட்க வேண்டும். 2020இல் மத்திய அரசு கொண்டுவந்த வரைவு அந்த முப்பதையும் இருபதாகக் குறைக்கப் பார்த்தது. அந்த வரைவையே ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளியிட்டதால், பிற மொழிகளிலும் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டிவந்தது.

அதனால் முழுமைத் திட்டத்துக்கான மதிப்பீடு இன்னொரு ஆங்கிலப் புத்தகமாக முடிந்துவிடக் கூடாது. ஆலோசகரை அரசு தேர்ந்தெடுத்து, கட்டணத்தைப் பொது நிதியிலிருந்து தர வேண்டும். கணக்கெடுப்பின் அலகு நிர்வாக எல்லையாக இருந்தால் பயனில்லை, நீர் தாலுகா எல்லை பார்த்து ஓடுவதில்லை. கொசஸ்தலை, கூவம், அடையாறு, கோவளம் என்று படுகை படுகையாகத்தான் பார்க்க வேண்டும். முழு அறிக்கையும் தமிழில், சர்வே எண்ணைத் தட்டினால் தெரியும்படி இணையத்தில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், நிலப் பயன்பாட்டை மாற்றும் ஒவ்வொரு அனுமதியும் அந்தப் படுகைக் கணக்கில் கழித்துக்காட்டப்பட வேண்டும். இந்த ஏரியின் நீர்ப்பிடிப்பில் இதுவரை இவ்வளவு ஏக்கர் போய்விட்டது, இனி இவ்வளவுதான் மிச்சம் என்று தெரிந்தால், அடுத்த விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரியின் பேனா ஒரு கணமாவது தயங்கும்.

காலதாமதம் ஆகும் என்பார்கள். ஆகும்தான். சில மாதங்கள் கூடுதலாகும். ஒரு முழுமைத் திட்டம் இருபது ஆண்டுகளுக்கானது என்பதையும், ஒரு பெருவெள்ளத்தின் நிவாரணத்துக்கும் சீரமைப்புக்கும் அரசு எத்தனை ஆயிரம் கோடி கேட்டு டெல்லிக்கு எழுதுகிறது என்பதையும் அதனுடன் வைத்துப் பார்க்கலாம்.

ஊராட்சி அளவிலும் இதற்கு வேலை இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அவற்றில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அங்கே வாசிக்கப்படும் வேலைப் பட்டியலில் சிமென்ட் சாலையும் பேவர் பிளாக்கும் சிறுபாலமும் தவறாமல் இருக்கும். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய சாலை போட்டால் ஒவ்வொரு முறையும் தெரு உயரும், வாசல் தாழும். மூன்று முறை சாலை போட்ட தெருவில் படியேறிப் போன வீட்டுக்குள் இன்று படியிறங்கிப் போகிறார்கள், மழைநீரும் அவர்களோடு இறங்குகிறது. சிறுபாலத்தின் குழாய் எத்தனை அடி அகலம், அது தடுக்கும் வாய்க்காலில் ஐப்பசி மழைக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று ஊர்ப் பெரியவர் ஒருவருக்கு நிச்சயம் தெரியும். அந்த வேலையின் மதிப்பீட்டுத் தொகை வாசிக்கப்படும்போது அவர் எழுந்து கேட்கலாம், அவர் சொன்னதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைக்கலாம். அதற்கு வல்லுநர் யாரும் தேவையில்லை.

சென்னைப் பெருநகர்ப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக 2022இல் விரிவாக்கப்பட்டது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் பெரும் ஏரிப் பகுதிகளும் ராணிப்பேட்டை மாவட்டத்தின் அரக்கோணமும் இப்போது அதற்குள் வருகின்றன. 2027 முதல் 2046 வரையிலான மூன்றாவது முழுமைத் திட்டம் இந்தப் பரப்பு முழுவதற்குமானது. எந்த ஊரின் முழுமைத் திட்டமானாலும், வரைவு வெளியானதும் ஆட்சேபங்களும் ஆலோசனைகளும் சொல்லக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தரப்பட வேண்டும் என்பது சட்டம். அந்த இரண்டு மாதத்தில் உங்கள் ஊர் ஏரியின் சர்வே எண்ணையும், அதற்குத் தண்ணீர் வரும் கால்வாயின் வழியையும் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வாங்குங்கள். வரைவு வரைபடத்தில் அந்த இடங்கள் என்ன நிறத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். தவறாக இருந்தால் தமிழிலேயே, பெயரும் முகவரியும் சர்வே எண்ணும் குறிப்பிட்டு எழுத்துமூலம் ஆட்சேபம் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள்.